நீரும் விசுவாசமும்: ஜான் பன்யன் வாழ்வு

திருநெல்வேலிச் சீமை தமிழுக்கு வழங்கிய காப்பியங்களுள் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' தனியிடம் பெற்றதாகும். 1894ஆம் ஆண்டு நூலுருப் பெற்ற அக்காப்பியம் கம்பனின் கவிநடையில் தோய்ந்து எழுந்தது. ஆயினும் அதன் கதை தமிழ் மண்ணில் முளைத்ததன்று. இங்கிலாந்து நாட்டில் ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்துப் பிழைத்த ஒருவர் உரைநடையில் எழுதிய நூலே அதற்கு மூலம். அவர் பெயர் ஜான் பன்யன். மோட்சப் பயணக் கதையை எழுதியவர் என்ற அளவில் அவரைத் தமிழ்க் கவிஞர் உலகம் நன்கு அறியும். ஆனால் அக்கதைக்குப் பின்னால் அவர்தம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த ஒரு வினா இருந்தது. மனிதனை மீட்பது அவன்மேல் ஊற்றப்படும் நீரா, அவன் உள்ளத்தில் பிறக்கும் விசுவாசமா என்பதே அவ்வினா. இவ்வினாவிற்காக அவர் எதிரிகளிடம் மட்டுமன்றி, உடன்பிறந்தார் போன்ற நண்பர்களிடமும் அடிபட்டார் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

பிறப்பும் முதல் நீரும்

பெட்ஃபோர்டு நகருக்கு அருகில் எல்ஸ்டோ என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் திருச்சபையின் பதிவேட்டில், 1628ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தாமஸ் என்பாரின் மகன் ஜானுக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டதாக எழுதப்பட்டுள்ளது. திருமுழுக்கு எனத் தமிழில் வழங்கும் அச்சடங்கு, அந்நாளைய இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ அனைவர்க்கும் உரியதாக இருந்தது. குருவானவர் குழந்தையின்மேல் நீர் வார்த்தபின், அக்குழந்தை மறுபிறப்பு அடைந்துவிட்டதாகக் கூறி இறைவனுக்கு நன்றி செலுத்துவது ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறை. அம்முறையின்படி ஜான் பன்யன் பேச்சறியாப் பருவத்திலேயே மறுபிறப்பு எய்திவிட்டார் எனல் வேண்டும்.

தந்தையார் பாத்திரம் பழுதுபார்ப்பவர். வறுமையிலும் மகனை எழுத்தும் வாசிப்பும் கற்கப் பள்ளிக்கு அனுப்பினார். கற்றது சிறிதே; கற்றதிலும் பெரும்பகுதியை விரைவில் மறந்துபோனதாகப் பன்யன் பின்னாளில் வருந்தியுள்ளார். 1644ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாய் மறைந்தார். அடுத்த மாதம் தங்கை மறைந்தாள். அதன்பின் இரு மாதங்கள் கழியுமுன் தந்தை மறுமணம் புரிந்தார். அவ்வாண்டே, பதினாறு வயதில், மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் படையில் அவர் சேர்க்கப்பட்டார். ஒரு முற்றுகைக்குச் செல்லவேண்டிய நிலையில், அவருக்குப் பதிலாக வேறொரு வீரர் தாமே விரும்பிச் சென்றார். காவல் நின்ற இடத்தில் குண்டடிபட்டு இறந்தார். தமக்குரிய இடத்தில் மற்றொருவர் இறந்தார் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

படை கலைந்தபின் ஊர் திரும்பி, தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். 1649ஆம் ஆண்டளவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமக்களிடம் ஒரு தட்டும் ஒரு கரண்டியும்கூட இல்லை. மணமகள் தம் தந்தையின் நினைவாகக் கொண்டுவந்த இரு பக்தி நூல்களே அவ்வீட்டின் செல்வம். முதற்குழந்தை மேரி பிறவியிலேயே கண்பார்வை அற்றவள். 1650ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அவளுக்கும் அதே எல்ஸ்டோ ஆலயத்தில் ஞானஸ்நானம் வழங்கப்பட்டது.

வெளிச்சமயத்தில் உழன்ற காலம்

மனைவி கொணர்ந்த நூல்கள் பன்யனை ஆலயத்தின்பால் ஈர்த்தன. நாள்தோறும் இருமுறை ஆலயம் சென்றார். குருவானவரின் அங்கியும் பலிபீடமும் அவருக்கு வணக்கத்திற்குரியனவாயின. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஊர்ப் புல்வெளியில் விளையாடுவதையும், ஆலய மணி அடித்து மகிழ்வதையும் அவர் விடவில்லை. ஒருநாள் நம் கிட்டிப்புள் போன்றதோர் ஆட்டத்தில் முதல் அடி அடித்து, இரண்டாம் அடிக்குக் கையோங்கிய வேளையில், பாவத்தை விட்டு விண்ணகம் செல்வாயோ, பாவத்தோடு நரகம் செல்வாயோ என்று தம் உள்ளத்தில் ஒரு குரல் எழக் கேட்டுத் திகைத்து நின்றார்.

அக்குரலுக்கு விடைகாணப் பல வாயில்களைத் தட்டினார். வேதம் இஸ்ரவேல் மக்களை இறைவனின் சொந்த இனம் எனக் கூறக் கண்டு, தம் குடும்பம் அவ்வினத்தைச் சேர்ந்ததாயின் தம் ஆன்மா பிழைக்கும் என எண்ணித் தந்தையிடம் வினவினார். இல்லை என்று தந்தை விடையளித்தார். ஒருமுறை எல்ஸ்டோவிலிருந்து பெட்ஃபோர்டு செல்லும் வழியில், தமக்கு விசுவாசம் உண்டா என அறிய ஓர் எண்ணம் தோன்றியது. சாலையில் தேங்கிய நீரைக் காய்ந்துபோகுமாறும், காய்ந்த இடத்தை நீராகுமாறும் கட்டளையிட்டுப் பார்க்கலாமா என நினைத்தார். வேலியோரம் சென்று முதலில் இறைவேண்டல் செய்ய முற்பட்டார். ஆனால் கட்டளை பலிக்காவிடில் தமக்கு விசுவாசமே இல்லை என்பது உறுதியாகிவிடுமே என்ற அச்சம் மேலிட, சோதனையைக் கைவிட்டு நடந்தார். பிறப்பு, சடங்கு, அற்புதம் ஆகிய மூன்று வழிகளிலும் அவர் தேடியது கிட்டவில்லை.

வாயிற்படியில் கற்ற பாடம்

அவர் தேடியது எதிர்பாராத இடத்தில் கிட்டியது. தொழில் நிமித்தம் பெட்ஃபோர்டு தெரு ஒன்றில் சென்றபோது, ஏழைப் பெண்கள் மூவரோ நால்வரோ வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு பேசிக்கொண்டிருந்தனர். சமயம் பற்றிப் பேசுவதில் தம்மை வல்லவராகக் கருதிய பன்யன் அருகில் சென்று செவிசாய்த்தார். அவர்களது பேச்சு அவருக்கு விளங்கவில்லை. உள்ளத்தில் இறைவன் நிகழ்த்தும் புதுப்பிறப்பைப் பற்றியும், தம் நற்செயல்கள் எவ்வாறு தம்மைக் காக்க இயலாது என்பதைப் பற்றியும் அவர்கள் பேசினர். மகிழ்ச்சியே அவர்களைப் பேசவைப்பது போலிருந்தது. ஞானஸ்நானத்தில் மறுபிறப்பு அடைந்ததாக அறிவிக்கப்பட்ட ஒருவருக்கு, மறுபிறப்பு என்ற சொல்லின் பொருளே விளங்காமல் நின்ற அந்நேரமே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

அப்பெண்கள் ஜான் கிஃபர்டு என்பாரின் சபையைச் சேர்ந்தவர்கள். கிஃபர்டு முன்னர் மன்னர் படையில் பதவி வகித்து, மரண தண்டனை பெற்று, தம் சகோதரியின் துணையால் தப்பியவர்; பின்னர் பெட்ஃபோர்டில் மருத்துவம் செய்தவர். 1650ஆம் ஆண்டு தொடங்கிய அச்சபையில் சேர இரண்டே தகுதிகள் கோரப்பட்டன. ஒன்று கிறிஸ்துவின்மேல் விசுவாசம். மற்றொன்று தூய வாழ்வு. குழந்தைப் பருவத்து ஞானஸ்நானத்தைப் போதும் என்பாரும், வயதுவந்தபின் நீரில் மூழ்கிப் பெறுவதே முறை என்பாரும் அங்கு ஒரே பந்தியில் அமர்ந்தனர். 1655ஆம் ஆண்டு இறக்கும் தறுவாயில் கிஃபர்டு சபைக்கு ஒரு மடல் எழுதினார். ஞானஸ்நானம், கை வைத்தல், சங்கீதம் பாடுதல் முதலிய புறச்செய்திகளை முன்னிட்டுப் பிரியாதிருக்குமாறு அதில் வேண்டினார். அவ்வேண்டுகோளைக் காக்கும் பொறுப்பு பின்னர்ப் பன்யன் தோளில் விழுந்தது.

விசுவாசம் அவருக்கு எளிதாக வந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அவர் உள்ளம் போர்க்களமாக இருந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓர் எண்ணம் இரவும் பகலும் அவரைத் துரத்தியது. ஒருநாள் களைத்துப்போய் இசைந்துவிட்டதாக உணர்ந்து, தமக்கு இனி மன்னிப்பே இல்லை என்று கலங்கினார். அந்நாளில் கலாத்தியர் நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கவுரையின் பழம்பிரதி ஒன்று கைக்குக் கிட்டியது. தொட்டால் ஏடு உதிரும் நிலையிலிருந்த அந்நூல் தம் நெஞ்சிலிருந்தே எழுதப்பட்டது போல் அவருக்குத் தோன்றியது. பின்னர் ஒருநாள் வயல்வெளியில் நடக்கும்போது, தம் நீதி தம்மிடத்தில் இல்லை, விண்ணில் கிறிஸ்துவிடத்தில் இருக்கிறது என்ற தெளிவு பிறந்தது. தம் மனநிலை நன்றாயிருப்பதால் அது கூடுவதில்லை, மோசமாயிருப்பதால் குறைவதுமில்லை. அன்றே தம் கால்களிலிருந்து விலங்குகள் கழன்று வீழ்ந்ததாக அவர் உணர்ந்தார்.

1650களின் நடுப்பகுதியில் அவர் கிஃபர்டு சபையின் உறுப்பினர் ஆனார். ஊஸ் ஆற்றின் கிளையொன்றில் அவர் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார் என்பது பெட்ஃபோர்டு மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. ஆனால் தம் ஆன்ம வரலாற்றை நுணுக்கமாக எழுதிய பன்யன், அந்நிகழ்ச்சிக்கு அதில் இடம் தரவில்லை. வாயிற்படிப் பெண்களுக்கும், உதிரும் ஏட்டிற்கும், சாலையோரத் தேக்கத்திற்கும் இடம் தந்தவர் ஆற்றை விட்டுவிட்டார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

பன்னீராண்டுச் சிறை

1656ஆம் ஆண்டு அவர்தம் முதல் நூல் வெளிவந்தது. அதற்குள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கியிருந்தார். முதல் மனைவி நான்கு குழந்தைகளை விட்டு மறைய, 1659ஆம் ஆண்டு எலிசபெத் என்பாரை மணந்தார். அடுத்த ஆண்டு மன்னராட்சி மீண்டது. 1660 நவம்பர் 12ஆம் நாள் சாம்செல் என்ற சிற்றூரில் பிரசங்கிக்கத் தொடங்கும் வேளையில் அவர் கைது செய்யப்பட்டார். பிரசங்கிப்பதில்லை என ஒரு சொல் கொடுத்தால் வீடு செல்லலாம். அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை. அதனால் பன்னிரண்டு ஆண்டுகள் சிறை அவர் இல்லமாயிற்று.

கைதுச் செய்தியின் அதிர்ச்சியில், கருவுற்றிருந்த எலிசபெத்துக்குக் குறைப்பேறு நேர்ந்து, பிறந்த குழந்தை இறந்தது. அவர் மனந்தளரவில்லை. 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் முன் தனியே நின்று, பார்வையற்ற ஒரு குழந்தை உட்பட நான்கு சிறுவர்களுடன் பிறர் தருமத்தில் வாழ்வதைக் கூறி நீதி கேட்டார். நீதிபதி மேத்யூ ஹேல் இரக்கத்துடன் செவிமடுத்தார். ஆயினும் விடுதலை கிட்டவில்லை. சிறையில் பன்யன் நீண்ட இழைக்கயிறுகளுக்கு உலோக முனை கட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றது என்றும், பார்வையற்ற மகளின் நினைவே ஏனைய எல்லாவற்றிலும் மிகுதியாக வருத்தியது என்றும் எழுதியுள்ளார். 1666ஆம் ஆண்டு வெளிவந்த, பாவிகளில் முதல்வனுக்குப் பெருகிய கிருபையைக் கூறும் தன்வரலாறு சிறைக்குள் எழுதப்பட்டதேயாகும்.

தண்ணீர் ஒரு மதில் ஆகுமா?

1672 ஜனவரியில், கைதியாக இருந்த நிலையிலேயே, பெட்ஃபோர்டு சபை அவரைத் தன் போதகராகத் தெரிந்துகொண்டது. அவ்வாண்டே விடுதலையும் வந்தது. தோட்டமொன்றிலிருந்த களஞ்சியக் கொட்டகை சபை கூடும் இடமாயிற்று. அதே ஆண்டில் தம் விசுவாசத்தையும் தம் நடைமுறைக்கான காரணத்தையும் விளக்கி அவர் ஒரு நூல் வெளியிட்டார். நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறாதவரையும் திருவிருந்தில் ஏற்கலாம் என்ற அவரது கொள்கை லண்டன் பாப்டிஸ்டுத் தலைவர்களிடையே புயலைக் கிளப்பியது.

எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். வில்லியம் கிஃபின் பெரும் வணிகர். 1644ஆம் ஆண்டின் பாப்டிஸ்டு விசுவாச அறிக்கையில் கையொப்பமிட்ட மூத்தவர். தாமும் கொள்கைக்காகத் துன்புற்றவர். தாமஸ் பால், ஹென்றி டான்வர்ஸ் முதலியோரும் எழுதினர். அவர்கள் வாதத்திலும் வலிமை இருந்தது. போய்ப் போதித்து ஞானஸ்நானம் கொடுங்கள் என்பது கிறிஸ்துவின் கட்டளை. விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என மாற்கு நற்செய்தி இரண்டையும் இணைத்தே கூறுகிறது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவர் பந்தியில் அமர்ந்ததாகச் சான்றில்லை. கட்டளையைத் தளர்த்தினால் எதைத்தான் தளர்த்தலாகாது என அவர்கள் வினவினர். குழந்தைக்கு நீர் தெளிப்பதை மறுத்தமைக்காக ஏச்சும் சிறையும் ஏற்ற மக்களுக்கு, அந்நீரையே பொருட்படுத்த வேண்டாம் என்பது துரோகமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பன்யன் 1673ஆம் ஆண்டு விடையளித்தார். நீர் ஞானஸ்நானம் பற்றிய கருத்து வேறுபாடு ஐக்கியத்திற்குத் தடையாகாது என்பதே அந்நூலின் தலைப்புப் பொருள். அவர் ஞானஸ்நானத்தை இகழவில்லை. அது இறைவன் அளித்த நியமம் என ஏற்றார். விசுவாசிக்கே உரியது என்றும் கொண்டார். ஆனால் அது பெறுபவனுடைய விசுவாசத்தைத் திடப்படுத்தும் அடையாளமேயன்றி, மற்றவர் அவனை அளக்கும் கோல் ஆகாது என்றார். ஒருவன் பரிசுத்தவான் என்பதை நீர் காட்டுவதில்லை. அவன் விசுவாசமும் வாழ்வும் காட்டுகின்றன. ரோமர் நிருபத்தில் பவுல் அடியார், இறைவன் ஏற்றுக்கொண்டவரை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என அறிவுறுத்துவதே அவர்தம் வாதத்தின் அச்சாணி. இறைவன் ஒருவனை விசுவாசத்தின்பேரில் தம் வீட்டிற்குள் அழைத்துக்கொண்டபின், வாயிலில் நின்று அவனைத் தடுக்க மனிதருக்கு உரிமை ஏது? விருத்தசேதனம் இன்றியே இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் நாற்பதாண்டு இறைவனின் சபையாக இருந்ததையும் அவர் சான்று காட்டினார். எபேசியர் நிருபம் கூறும் ஒரே ஞானஸ்நானம் ஆவியினால் ஆகும் ஞானஸ்நானமே என்றும் விளக்கினார்.

எதிர்த்தரப்பார் சிலர் அவருடைய தாழ்ந்த பிறப்பையும் கல்விக் குறைவையும் சுட்டிப் பேசினர். பாத்திரம் பழுதுபார்ப்பவன் வேத நுட்பம் பேசலாமா என்ற ஏளனம் அவருக்குப் புதிதன்று. அரசு தந்த சிறையைப் பற்றி எழுதியபோது இல்லாத ஒரு வேதனை, உடன்விசுவாசிகளின் இகழ்ச்சியைக் குறிப்பிடும் இடங்களில் தென்படுகிறது. 1674ஆம் ஆண்டு சமாதானக் கொள்கைகளைக் கூறும் ஒரு நூலுடன் அவர் அவ்வாதத்தை முடித்துக்கொண்டார். பிரிவுப் பெயர்கள் எதுவும் தமக்கு வேண்டா, கிறிஸ்தவன் என்ற பெயர் ஒன்றே போதும் என்பது அவர் நிலை. கிஃபின் 1681ஆம் ஆண்டு மீண்டும் மறுப்பு எழுதினார். வாதம் பன்யனோடு முடியவில்லை. இன்றும் பாப்டிஸ்டுச் சபைகளில் இருவகை நடைமுறையும் உண்டு.

கதையில் வரும் நீர்

நூல்களில் வாதிட்டதைப் பன்யன் கதையில் காட்டினார். 1678ஆம் ஆண்டு மோட்சப் பயணத்தின் முதற்பாகம் வெளிவந்தது. பாவச் சுமையுடன் புறப்படும் யாத்திரிகன் இடுக்கமான வாயிலைத் தட்டுகிறான். தட்டியதும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறான். சிலுவை நிற்கும் மேட்டை அடைந்ததும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அங்கு அவனை எவரும் நீரில் மூழ்குவிக்கவில்லை. அவன் நோக்கினான், சுமை வீழ்ந்தது, அவ்வளவே. 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் யாத்திரிகனின் மனைவியும் மக்களும் தோட்டத்துக் குளமொன்றில் நீராடுகின்றனர். அழுக்கு நீங்கி, மூட்டுகள் வலுப்பெற்று எழுகின்றனர். அது வாயிலில் ஏற்றுக்கொள்ளப்பட்டபின் நிகழ்வது என்பதைக் கருதுதல் வேண்டும். நீர் அங்கு வாயிலுக்கு வெளியே இல்லை, வீட்டினுள் இருக்கிறது.

எனினும் ஒவ்வொரு யாத்திரிகனும் கடந்தே தீரவேண்டிய நீர் ஒன்று கதையில் உண்டு. அது மரணம் என்னும் ஆறு. அதற்குப் பாலம் இல்லை. ஆழம் எங்கும் ஒன்றுதானா என யாத்திரிகன் வினவ, மறுகரை அரசன்மேல் வைக்கும் விசுவாசத்திற்கு ஏற்ப அது ஆழமாகவோ ஆழமற்றதாகவோ இருக்கும் என விடை வருகிறது. இத்தனை தூரம் வந்தவன் அங்கே மூழ்கத் தொடங்குகிறான். உடன்வந்த நண்பன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். நீர் விசுவாசத்தை உண்டாக்கவில்லை. விசுவாசமே நீரின் ஆழத்தை அளக்கிறது. அதே ஆற்றை அறியாமை என்னும் பெயருடையான் வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் துணையால் துன்பமின்றிக் கடக்கிறான். தன் நோன்பையும் நற்செயலையும் நம்பிக் குறுக்குவழியே வந்த அவன், பொன்வாயிலில் கேட்கப்படும் சான்றைக் காட்ட இயலாமல் திருப்பப்படுகிறான். ஆற்றைக் கடந்தமை மட்டும் அவனுக்கு உதவவில்லை.

முடிவும் தொடர்ச்சியும்

1688ஆம் ஆண்டு, பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்க ரெடிங் நகர் சென்ற பன்யன், அப்பணி முடித்துக் குதிரையில் லண்டன் திரும்பும் வழியில் கொட்டும் மழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, நண்பர் இல்லத்தில் ஆகஸ்ட் 31ஆம் நாள் உயிர்நீத்தார். லண்டன் பன்ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரு நூற்றாண்டுகள் கழித்து அவர் கதையைக் காப்பியமாக்கிய கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு, இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வைணவக் குடியில் பிறந்த அவர் 1858ஆம் ஆண்டு சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பெட்ஃபோர்டில் அனைவர்க்கும் தொட்டிலிலேயே கிட்டிய நீர், நெல்லையில் வீட்டையும் உறவையும் பணயம் வைத்துப் பெறவேண்டியதாக இருந்தது. உள்ளத்தில் விசுவாசிப்பதை ஊர் பொறுக்கும். நீரில் இறங்குவதைப் பொறுக்காது. அத்தகைய சூழலில் ஞானஸ்நானம் வெறும் அடையாளமாக நிற்பதில்லை. விசுவாசத்திற்குக் கொடுக்கும் விலையாகிறது. பன்யன் இதனை மறுத்திருக்க மாட்டார். சிறையில் தாம் கொடுத்த விலையும் அதுவே. அவர் மறுத்தது, விலை கொடுத்தவர் தம் இரசீதைக் காட்டிப் பிறரைப் பந்தியிலிருந்து எழுப்புவதை மட்டுமே.

பெட்ஃபோர்டில் அச்சபை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தை ஞானஸ்நானம் கொள்வாரும் வயதுவந்தோர் ஞானஸ்நானம் கொள்வாரும் அங்கு ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். வாயிற்படியில் வெயில் காய்ந்த அந்த ஏழைப் பெண்களிடம் கற்ற பாடத்தை ஒரு தொழிலாளி இறுதிவரை மறவாதிருந்ததன் பயன் அது.